மூன்று மணிக்குத் திறக்கும் மெஷின்: வெள்ளவத்தை வீடொன்றில் தையலுக்கு இடம் செய்த கணக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று. மூன்றாம் மாடி, 640 சதுர அடி. இரண்டு படுக்கையறைகள், 14 அடிக்கு 11 அடிக் கூடம், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய குசினி, மேற்கைப் பார்த்த சின்னப் பல்கனி. குடியிருப்பவர்கள் நான்கு பேர்: 62 வயது மாமி, ஓய்வுபெற்ற மாமா, வங்கியில் வேலை செய்யும் இளைய மகள், தரம் 5 இல் படிக்கும் பேரன். மருமகன் கட்டாரில். வீடு வாடகை வீடு. சுவரில் புதிதாக ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் எழுத்திலேயே இருக்கிறது.

வீடுகளுக்கு உள்ளமைப்பு வரைபடம் போடுவது என் தொழில். மாமி என் கணவரின் தாய்மாமனுடைய மனைவி என்பதால் இது காசு வாங்காத வேலை. காசு வாங்காத வேலையைப் பற்றி எழுதும்போது விட்ட பிழைகளையும் எழுத முடிகிறது. இந்த ஆய்வில் அவை கொஞ்சம் இருக்கின்றன.

மாமிக்குத் தையல் தொழிலா பொழுதுபோக்கா என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். தொடர்மாடியில் உள்ள பெண்களுக்குச் சேலைச் சட்டை தைப்பார், சேலைக்குப் போல்ஸ் (கீழ்க்கரையின் உட்பக்கப் பட்டி) அடித்துக் கொடுப்பார், வளரும் பிள்ளைகளின் சீருடை ஓரத்தை இறக்கிவிடுவார். அதற்கு ஏதோ பணம் வரும். மிஞ்சிய நேரத்தில் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார். அதற்கு ஒருவரும் பணம் தருவதில்லை. அவருக்கு உயிர் அதில்தான். ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகள், பெரிய கட்டிலை மூடும் அளவில் ஒரு போர்வை வேண்டும் என்று கேட்ட பிறகுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. "பிள்ளை, இந்த வீட்டில் எனக்கு ஒரு மூலை எடுத்துத் தருவீரா?"

மெஷின்

கறுப்பு வார்ப்பிரும்புச் சிங்கர், சீதனத்தோடு வந்தது. சிங்கர் நிறுவனம் 1877 இலேயே இலங்கையில் காலூன்றிவிட்டது. மாமியின் தாயும் பாட்டியும் மிதித்துத் தைத்தவர்கள். இந்த மெஷினும் யாழ்ப்பாணத்தில் இருந்தவரை இரும்புக் கால்களோடு விறாந்தையில் நின்ற ஒன்றுதான்.

1995 ஒக்டோபர் 30 அன்று, போரில் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து எழுந்து நடந்தபோது, மாமா மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு அடி நின்று நகர்ந்த கூட்டத்தில் அந்தச் சைக்கிளும் நகர்ந்தது. கால்கள் விறாந்தையிலேயே நின்றன. பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது விறாந்தையே இல்லை.

கொழும்பு வந்த பிறகு ஒரு மெக்கானிக் பக்கவாட்டில் மோட்டர் பூட்டி, அடியில் மரப்பெட்டி ஒன்று செய்து கொடுத்தார். அன்றிலிருந்து அந்தத் தலை, மாமாவின் சேர்ட்டுகளுக்குக் கீழே, அலுமாரியின் தரைத் தட்டில் வாழ்ந்து வந்தது. மோட்டரோடு சேர்த்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. 62 வயதுக்காரர் ஒருவர் குனிந்து அதைத் தூக்கி, நடந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, பிறகு அதே வழியில் திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

ஏழு நாள் கணக்கு

அளவு நாடாவை எடுக்கும் முன், மாமியிடம் ஒரு பழைய டயரியைக் கொடுத்து நான்கு கட்டம் போடச் சொன்னேன். சாமான்களை எடுக்கத் தொடங்கிய நேரம், ஊசி ஓடிய நேரம், தையலை நிறுத்திய நேரம், எல்லாவற்றையும் எடுத்துவைத்து முடித்த நேரம். தைக்காத நாளில் ஏன் தைக்கவில்லை என்று ஒரு வரி.

வீட்டின் நேர அட்டவணை இறுக்கமானது. பேரன் பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டு, மூன்று மணிக்கு ரியூசனுக்குப் போவான். நாலே முக்காலுக்குத் திரும்பியதும் அதே சாப்பாட்டு மேசையில் புலமைப்பரிசில் வினாத்தாள்கள் விரியும். ஆறரைக்குப் பிறகு அந்த மேசை சாப்பாட்டுக்கு. ஆகவே மாமிக்குக் கிடைப்பது ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஏழு நாளில் மூன்று நாள் தைத்திருந்தார். மேசையை ஒதுக்கி, மெஷினைத் தூக்கி, நீட்டு வயரை இழுத்து, நூல்பெட்டி, கத்தரிக்கோல், ஸ்திரிக்கைப் பெட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து, கட்டிலின் கீழிருந்து பைகளை இழுத்து வேண்டிய துண்டைத் தேடி எடுக்க 25 நிமிடம். திருப்பி வைக்க 20. இரண்டுக்கும் நடுவில் ஊசி ஓடியது எந்த நாளிலும் 50 நிமிடத்தைத் தாண்டவில்லை. தைக்காத நான்கு நாட்களுக்கு எழுதப்பட்டிருந்த காரணங்கள்: ஒரு நாள் முதுகு, ஒரு நாள் மழையிருட்டு, இரண்டு நாள் "எடுக்க மனம் வரவில்லை."

நான் வரைந்து வைத்திருந்த முதல் படத்தைக் கிழித்துப் போட்டதற்கு அந்தக் கடைசி வரிதான் காரணம். நாலு அடிக்கு மூன்று அடி நிரந்தர மூலை ஒன்றைத் தேடிக் கூடத்தை இரண்டு நாளாகத் திருப்பித் திருப்பி வரைந்திருந்தேன். அப்படி ஒரு மூலை அந்த வீட்டில் இல்லை. நான்கு பேர் வாழும் 640 சதுர அடியில் இருக்கவும் முடியாது. இருந்தாலும் மாமியின் தடை வேறு இடத்தில் இருந்தது. எனவே வேலைக்கு வைத்த இலக்கைச் சதுர அடியில் வைக்காமல் நிமிடத்தில் வைத்தேன்: எழுந்து வந்து ஐந்து நிமிடத்துக்குள் ஊசி ஓட வேண்டும், ஐந்து நிமிடத்துக்குள் மேசை பேரனுக்குத் திரும்ப வேண்டும்.

பல்கனியைத் தையலறை ஆக்கலாம் என்பது மகளின் யோசனை. வெள்ளவத்தையில் இந்த யோசனையைக் கேட்காத வீடே இல்லை. மரைன் டிரைவ் பக்கப் பல்கனியில் ஒரு குண்டூசிப் பெட்டியைத் திறந்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். உப்புக் காற்றில் தலைகள் பழுக்கும். அந்தப் பழுப்பு வெள்ளைத் துணியில் பட்டால் போகாது. பின்னேர வெயில் நேராக அடித்துச் சாயத்தை உறிஞ்சும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையைச் சாய்த்து உள்ளே தள்ளும். பல்கனியை அந்த இடத்திலேயே விட்டுவிட்டோம்.

என் பிழை

முதலில் செய்வித்தது ஒரு மடிப்பு மேசை. மூன்று அடிக்கு இரண்டு அடி, மடித்தால் ஐந்து அங்குலத் தடிப்பில் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். படத்தில் அழகாக இருந்தது. பாரம் குறைய வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்று அழுத்திய மரத்தூள் பலகையில் செய்யச் சொன்னேன்.

வார்ப்பிரும்பு மெஷின் ஓடும்போது முன்னும் பின்னும் உதறும். இலேசான மேசை அந்த உதறலுக்கு நடக்கத் தொடங்கியது. நீளத் தையல் ஒன்று முடிவதற்குள் மேசை சுவரை விட்டு நாலு விரற்கடை வந்துவிடும். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, மேலே என்ன உரல் இடிக்கிறீர்களா என்று கேட்டார். யூன் மழையில் பலகையின் ஓரங்கள் ஈரத்தைக் குடித்து, ஊறிய பிஸ்கட் போல உப்பின. கடலிலிருந்து இருநூறு அடியில் மரத்தூள் பலகை போடச் சொன்னது தொழில் தெரிந்த ஒருத்தி செய்யக்கூடாத காரியம். தச்சர் சொன்னார், நான் கேட்கவில்லை. அந்த மேசை இப்போது மாமாவின் பத்திரிகைக் கட்டுகளைத் தாங்குகிறது.

கால் தேடியது

மிதி மெஷின் மேசைகளை நான் அதுவரை அலங்காரப் பொருளாகத்தான் பார்த்திருந்தேன். கண்ணாடிப் பலகை போட்டுத் தேநீர்க் கடைகளில் வைத்திருப்பார்களே, அப்படி. மாமாதான் ஒரு நாள் பேச்சுவாக்கில், "அந்தக் காலத்தில் வேலை முடிந்ததும் தலையைக் கவிழ்த்து உள்ளே விட்டுப் பலகையை மூடிவிடுவார்கள். மேலே விளக்கு வைப்போம்" என்றார். தலை பிணைச்சலில் திரும்பி மேசையின் வயிற்றுக்குள் இறங்க, மேலே வெறும் மேசை. நூறு வருடத்துக்கு மேலான வடிவமைப்பு. சின்ன வீடு என்ற சிக்கலை யாரோ எப்போதோ தீர்த்து வைத்திருக்க, நான் கணினியில் மடிப்பு மேசை வரைந்துகொண்டிருந்தேன்.

பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் இரும்புக் கால்கள் கிடைத்தன. மேற்பலகையைக் கறையான் தின்றிருந்தது. கால்களும் சக்கரமும் மிதியும் சுகம். இந்தச் சிங்கர் வகை மெஷின்களில் ஒரு வசதி உண்டு: முழு அளவுத் தலைகளின் அடித்தட்டு ஏறத்தாழ 14½ அங்குல நீளம், 7 அங்குல அகலம்; பிணைச்சல் துளைகளும் ஒரே இடைவெளி. வேறொரு மெஷினுக்கு வார்த்த கால் மாமியின் தலைக்குப் பொருந்தும். மொறட்டுவைத் தச்சர் ஒருவர் 18 மில்லிமீற்றர் நீர்தாங்கு ஒட்டுப்பலகையில் புதிய மேற்பலகை அறுத்துத் தந்தார். இடது பக்கம் ஒரு மடிப்புச் சிறகு. விரித்தால் நாலரை அடி, மடித்தால் மூன்று அடி.

விலை எழுதவில்லை. இந்த நாட்டில் இன்று எழுதும் விலை அடுத்த மாதம் பொய்.

தலையைப் பொருத்தும் முன் துப்புரவாக்கத் திறந்தபோது உள்ளே எல்லா மூட்டுகளிலும் வார்னிஷ் போல ஒரு மஞ்சள் பிசின். தேங்காய் எண்ணெய். இருந்த இடங்களில் கிடைத்ததை விட்டிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் முதலில் வழுக்கும், பிறகு காற்றுப் பட்டுப் பட்டுத் தடித்து ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்டு இரண்டு நாள் ஊறவிட்டுத் துடைத்த பிறகு, மெஷின் எண்ணெய் இட்டுச் சக்கரத்தைத் தட்டினேன். தானாக மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. மாமி ஒன்றும் பேசவில்லை. உட்கார்ந்து, வெறுங்காலை மிதியில் வைத்து, குதியும் விரலுமாக நாலு தரம் அசைத்துப் பார்த்தார். கால் மறக்கவில்லை.

மோட்டரைக் கழற்றுவதா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. மகளுக்கு மோட்டர் வேண்டும். முழங்கால் வலிக்கு மிதிப்பது கூடாது என்றாள். மாமா 2022 மார்ச் கடைசியை நினைவூட்டினார். பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற அந்த நாட்களில் பாதி தைத்த சட்டைகள் மேசையில் கிடந்து, வாங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மிதிப்பதில் வேலை கணுக்காலுக்குத்தான், முழங்காலுக்குக் குறைவு என்பது மாமியின் கட்சி. மோட்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

மேசை கூடத்தின் வடமேற்கு மூலையில் நிற்கிறது. யன்னல் வெளிச்சம் இடது கைப் பக்கம் விழுகிறது, பின்பக்கமும் இடப்பக்கமும் சுவர். அடியில் பழைய டயர் றப்பர் விரித்திருக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் அதன் பிறகு வரவில்லை. மூடியிருக்கும்போது அது பேரனின் படிப்பு மேசை. சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்கே திரும்பிவிட்டது. ஒரே ஒரு தொல்லை: கணக்குச் செய்யும்போது பையன் மிதியை மிதித்துக்கொண்டே இருப்பான். வார்ப்பட்டியைக் கழற்றிவிட்டால் மெஷினுக்குச் சேதமில்லை, ஆனால் கடகடவென்ற சத்தத்தில் மாமாவுக்குச் செய்தி கேட்காது. மிதியைக் கயிற்றால் கட்டினோம். பின்னங்கள் பாடம் வந்த வாரம் கயிறு அவிழ்ந்திருந்தது.

வெட்டும் பலகை, சூடும் பலகை

தையலுக்கு இடம் என்றதும் எல்லாரும் மெஷினை நினைக்கிறார்கள். ஒட்டுத்துணி வேலையில் மெஷினில் இருக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்குகூட வராது. வெட்டுவதும், ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் ஸ்திரிக்கை போட்டுப் படிய வைப்பதும்தான் இடத்தையும் நேரத்தையும் தின்னும். கால் அங்குலத் தையலில் நூல் தடிப்பளவு பிசகினாலும் பத்துத் துண்டு சேரும்போது கட்டம் கோணிப்போகும். படிய வைக்காமல் அடுத்த துண்டைச் சேர்த்தாலும் அதே கதி.

மாமி தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். உருளும் கத்தியும் அதற்கான விரிப்பும் வாங்கிக் கொடுத்தேன். 1979 இல் ஜப்பானின் ஒல்பா நிறுவனம் கொண்டுவந்த கத்தி. பீட்சா வெட்டும் சக்கரம் போல இருக்கும். நாலு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டிவிடும். ஆனால் அதற்கு நின்று, மேலிருந்து அழுத்த வேண்டும். சாப்பாட்டு மேசை 30 அங்குல உயரம். குனிந்து வெட்டினால் முதுகு பிடிக்கும். இடுப்பளவு, 35, 36 அங்குலத்தில் ஒரு தளம் வேண்டும். அப்படி ஒன்று அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது: குசினி மேடை. மத்தியானம் பாத்திரம் கழுவி முடிந்தால் மாலை வரை சும்மா கிடக்கிறது.

மேடையில் முதல் வெட்டு நடந்த அன்றே வெள்ளைப் பருத்தியில் மஞ்சள் ஏறிவிட்டது. துடைத்த மேடைதான், ஓரத்து இடுக்கில் கறித்தூள் ஒளிந்திருந்தது. பதறிப்போய்ச் சவர்க்காரம் போட, மஞ்சள் சிவப்பாக மாறியது. அது மஞ்சளின் குணம், காரம் பட்டால் சிவக்கும். மாமி அலட்டிக்கொள்ளாமல் தண்ணீரில் அலசிப் பல்கனிக் கொடியில் போட்டார். இரண்டு நாள் வெயிலில் கறை வெளிறிப் போயிற்று. பல்கனி உதவியது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு தச்சரிடம் மிஞ்சிய ஒட்டுப்பலகையில் இரண்டரை அடிக்கு இரண்டு அடித் துண்டு ஒன்று வாங்கினோம். ஒரு முகம் வெறும் பலகை. குசினி மேடையில் வைத்து அதன் மேல் விரிப்பைப் போட்டால் சுத்தமான வெட்டுமிடம். மறு முகத்தில் பழைய கம்பளித் துணி இரண்டு மடிப்பும் அதன் மேல் வெள்ளைப் பருத்தியும் இழுத்துப் பொருத்தியிருக்கிறது. திருப்பினால் ஸ்திரிக்கைப் பலகை. வேலை முடிந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள மூன்று அங்குல இடைவெளியில் போய் நிற்கும். விரிப்பை மட்டும் அங்கே சாய்த்து வைக்கக் கூடாது, வெப்பத்தில் வளைந்துவிடும். அது மாமியின் மெத்தைக்குக் கீழே மட்டமாகக் கிடக்கிறது.

வெட்டும்போது பலகை குசினியில் இருப்பது சரி. தைக்கும்போது எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாமிக்கும் கருத்து வேறுபாடு. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது நான் படித்தது. கதிரையை விட்டு எழாமல் படிய வைக்கலாம் என்று மெஷினுக்கு வலப்பக்கம் ஒரு தாழ்ந்த பெட்டி வைத்துக் கொடுத்தேன். ஒரு கிழமையில் பலகையைத் தூக்கித் திரும்பவும் குசினிக்கே கொண்டுபோய்விட்டார். "எழும்பி நடக்காவிட்டால் இடுப்பு இறுகிவிடும், பிள்ளை." கேட்டால் நியாயம்தான். பத்துப் பன்னிரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுபோய்ப் படிய வைக்கிறார். நேரமும் மிச்சம்.

குசினியில் ஸ்திரிக்கை போடுவதில் இன்னொரு நன்மையும் இருந்தது. முன்பு மெஷின், மேசை விளக்கு, ஸ்திரிக்கைப் பெட்டி மூன்றும் ஒரே நீட்டு வயரில், கூடத்துப் பழைய ஐந்து அம்பியர் வட்டக் குத்தியில். 1000 வாட் ஸ்திரிக்கைப் பெட்டி மட்டும் 230 வோல்ட்டில் நாலே கால் அம்பியருக்கு மேல் இழுக்கும். குத்தியைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு கால் கருகியிருந்தது. குசினியில் பதின்மூன்று அம்பியர் இணைப்பு இருக்கிறது.

பதினேழு பைகள்

கட்டிலின் கீழ் எட்டு, அலுமாரியின் மேல் ஆறு, கதவுக்குப் பின்னால் மூன்று. உள்ளே புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் நிறுத்து வாங்கிய வெட்டுத்துண்டுகள், ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து கைமாறி வந்த ஓரங்கள், அயலவர் கொடுத்த பழஞ்சேலைகள். இந்த வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் நெசவாலையே இருந்தது. அது நின்ற காணியில் இன்று ஹெவ்லொக் சிற்றி மாடங்கள் நிற்கின்றன. துணி நெய்த ஊரில் துணி வைக்க இடமில்லை என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

நிறம் நிறமாகப் பிரிக்கலாம் என்றுதான் தொடங்கினோம். அரை நாளில் கைவிட்டோம்: பூப்போட்ட சீத்தை எந்த நிறம்? அளவுப்படி பிரித்தது வேலை செய்தது. துண்டு வீட்டுக்குள் வந்ததும் ஸ்திரிக்கை போட்டு, அது தாங்கும் பெரிய அளவுக்கு வெட்டிவிட வேண்டும். ஐந்து அங்குலச் சதுரம், மூன்றரை அங்குலச் சதுரம், இரண்டரை அங்குல நீளப்பட்டி. ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்தது மெத்தணைக்குள் போகும். ஒரு அடிக்கு மேல் இருப்பதை மடித்து, புத்தகம் போல நிறுத்தி வைப்பது. படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பது ஒரு நாளும் வெளியே வராது. இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாக்கள் அளவுக்கொன்றாக. பிஸ்கட் டின்னைத் தவிர்த்தோம். நம் எல்லார் வீட்டுத் தையல் சாமான்களும் அதற்குள்தான் இருக்கின்றன, ஆனால் கடற்கரை வீட்டில் டின்னே துருப்பிடித்து ஊசிக்கும் கொடுக்கும்.

ஊசிகளுக்கு மாமியின் வழி வேறு. ஊசி குத்தும் மெத்தணைக்குள் வாரி விழுந்த தலைமுடியை அடைத்திருக்கிறார். எண்ணெய் வைத்த முடி. குத்திய ஊசி துருப்பிடிப்பதில்லை. கையால் தைக்கும்போது நாலு தையலுக்கு ஒரு தரம் ஊசியை உச்சித் தலையில் உரசிக்கொள்வதும் அந்த எண்ணெய்க்காகத்தான்.

பதினேழு பை ஒன்பது டப்பாவும் இரண்டு பையுமாகச் சுருங்கியது. மிஞ்சியதைக் கிருலப்பனையில் கால்மிதி தைக்கும் ஒரு பெண் வந்து எடுத்துப்போனார்.

ரொறன்ரோப் போர்வை

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை இதுதான். கொழும்புக்கென்றால் மாமி நடுவில் பஞ்சு வைப்பதில்லை. ஏணை கட்டித் தேய்ந்த பருத்திச் சேலை இரண்டு மூன்று மடிப்பை ஓட்டுத்தையலால் பிடித்துவிடுவார். வங்காளத்துக் காந்தாவும் அப்படித்தான் பிறந்தது. மின்விசிறிக்குக் கீழே போர்த்த அது போதும். பனி நாட்டுக்குப் பஞ்சு விரிப்பு வேண்டும். அதைப் புறக்கோட்டையிலிருந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்ற நடத்துநர் மறுத்துவிட, முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். தைக்கும் வரை அது மாமாவின் மெத்தைக்கு மேல் இரண்டாவது மெத்தையாகக் கிடந்தது. இரண்டு மாதம் அவருக்கு நல்ல நித்திரை.

கட்டில் அளவு என்றால் 90 அங்குலத்துக்கு 90. ஏழரை அடிச் சதுரம். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சுருக்கமின்றி விரித்து நூலோட்டிப் பிடிக்க அவ்வளவு தரை வேண்டும். கூடத்தில் சோபாவையும் மேசைகளையும் வெளியேற்றினால்தான் அது கிடைக்கும். கிடைத்தாலும் 62 வயது முழங்கால் தரையில் தவழ வேண்டும். மொட்டை மாடியைப் பார்த்தோம். முதல் காற்றிலேயே பஞ்சு பக்கத்துத் தண்ணீர்த் தாங்கியில் ஏறியது.

வீட்டை விட்டால் மெஷினும் ஒரு வரம்பு வைக்கிறது. ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே எட்டு அங்குலம்தான். நடுப்பகுதியைத் தைக்கும்போது போர்வையின் பாதி, 45 அங்குலம், பஞ்சோடு சுருண்டு அந்த எட்டு அங்குலத்துக்குள் நுழைய வேண்டும். நுழைத்தாலும் வெளியே தொங்கும் பாரம் துணியைக் கீழே இழுக்க, தையல் குறுகும், ஊசி வளைந்து முறியும்.

அதனால் போர்வையை ஒன்பதாக உடைத்தோம். 30 அங்குலச் சதுரங்கள் ஒன்பது. ஒவ்வொன்றையும் மூன்று அடுக்காக்கி, மேசையிலேயே நூலோட்டி, மெஷினில் முழுவதும் தைத்து முடித்த பிறகு ஒன்றோடொன்று இணைப்பது. 14 ஆம் இலக்க ஊசி, தையல் சற்று நீளம். ஒரு சதுரம் மேசை மேல் முழுதாக அடங்கும்; மூடும் நேரம் வந்தால் சுருட்டி டப்பாக்களின் மேல் வைத்துவிடலாம். நாளொன்றுக்கு ஒன்று இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு முடிந்தது.

இணைப்பில்தான் கஷ்டம் வந்தது. சதுரங்கள் சேரும் கோட்டை மூட, முன்பக்கப் பட்டியை மெஷினில் அடித்து, பின்பக்கப் பட்டியைக் கையால் ஒளித்தையல் போட வேண்டும். மூன்று சதுரம் சேர்ந்த வரிசைகள் பிரச்சினை தரவில்லை. வரிசைகளை ஒன்றாக்கும்போது முழுப் பாரமும் மேசைக்கு வந்துவிட்டது. இங்கே மூலைச் சுவர்கள் உதவின. பின்னாலும் இடப்பக்கமும் துணி விழ வழியில்லை. விரித்த சிறகுக்கும் மேல் வழிந்த பகுதியைத் தாங்கச் சாப்பாட்டுக் கதிரைகள் இரண்டு. கடைசிப் பட்டி அடித்த அன்று போர்வையின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது மாமா. "தேர் வடம் பிடிக்கிறது போல இருக்கிறது" என்றார்.

பின்பக்கக் கைத்தையல் ஏறத்தாழ மூன்று வாரம், செய்திக்கும் நாடகத்துக்கும் நடுவில்.

ஆட்களின் வேலை நேரத்தைத் தவிர வேறு எதையும் நான் ஒழுங்காக அளக்கவில்லை என்பது இந்த ஆய்வின் குறை. எத்தனை கெஜம் துணி போனது, எத்தனை கட்டை நூல் முடிந்தது என்று மாமிக்கும் தெரியவில்லை. போர்வை விமானத்தில் போனபோது, பாதிப் பெட்டியை அதுவே பிடித்துக்கொண்டதாக எடுத்துப் போனவர் முறைப்பட்டார்.

ஆறு மாதம் கழித்து

பலகை இன்னும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அளவு டப்பாக்கள் ஒன்பது பன்னிரண்டாகிவிட்டன. அலுமாரியின் மேல் புதிதாக மூன்று பைகளைக் கண்டேன், கேட்கவில்லை. நான் பெருமையாகச் செய்த ஒரு காரியம் தோற்றுப்போனது. அலுமாரிக் கதவில் பிளனல் துணி தொங்கவிட்டால் பருத்தித் துண்டுகள் ஊசியில்லாமல் ஒட்டி நிற்கும், எட்ட நின்று வடிவம் பார்க்கலாம். மாமா சேர்ட் எடுக்கக் கதவைத் திறந்த ஒவ்வொரு காலையிலும் வடிவம் தரைக்கு வந்தது. இப்போது மாமி துண்டுகளைக் கட்டிலில் பரப்பி, கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, வரிசையாக அள்ளி வைத்துக்கொள்கிறார். படத்தில் பார்த்தால் எந்தத் துண்டு தலைகீழ் என்று கண்ணுக்கு உடனே தெரிகிறதாம்.

புலமைப்பரிசில் பரீட்சை முடிந்துவிட்டதால் மேசைக்குப் போட்டி இல்லை என்று நினைத்துப் போனேன். டயரியை வாங்கிப் பார்த்தேன். அன்றைய திகதியில் சாமான் எடுத்தது 3.05, ஊசி ஓடியது 3.09, நிறுத்தியது 6.20. நான்காவது கட்டத்தில், பேரனின் கையெழுத்தில், "மூடவில்லை" என்று இருந்தது. பழைய ஜீன்ஸில் வெட்டிய கிரிக்கெட் மட்டை உறை ஒன்று பாதித் தையலோடு ஊசிக்குக் கீழே கிடந்தது.